திருமணப் பூக்கள்: எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது? பூ வேலை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

இளந்தளிர்:

எல்லோருக்கும் வணக்கம். என் தங்கைக்குத் திருமணம் உறுதியாகியிருக்கிறது. பூ அலங்காரப் பொறுப்பை வீட்டில் என்னிடம் ஒப்படைத்துவிட்டார்கள். அவள் கைப்பேசியில் படம் படமாகச் சேர்த்து வைத்திருக்கிறாள். கையில் பிடிக்க வெள்ளை ஹைட்ரேஞ்சியாவும் பியோனியும் கலந்த கொத்து, மேடை முழுக்க நீல ரோஜா, விருந்து மேசைகளில் பெரிய வாசனை லில்லி. விழா காலையில் திறந்தவெளியில் தொடங்கி இரவு அரங்கத்துக்குள் முடியும். நல்ல வெயில் காலம்.

பூக்கடைகளில் படத்தைக் காட்டினால் எல்லோரும் "செய்துவிடலாம்" என்கிறார்கள். ஒருவர்கூட "இது சரிவராது" என்று சொல்லாததுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது. முதலில் எதை முடிவு செய்ய வேண்டும்? நிறமா, பூவா, செலவா? கடைக்காரரிடம் என்ன கேட்க வேண்டும்? இந்தத் தொழிலில் இருப்பவர்கள் கொஞ்சம் விரிவாகவே எழுதுங்கள்.

வாளியும்கத்தரியும்:

வாழ்த்துகள், இளந்தளிர். பல காலமாகப் பூ வேலைதான் எனக்குச் சோறு போடுகிறது, அதனால் தொழில் பக்கமிருந்து பேசுகிறேன்.

கடைக்குள் நுழைந்ததும் பூவின் பெயரைச் சொல்லாதீர்கள். படத்தையும் நீட்டாதீர்கள். முதலில் நேரத்தைச் சொல்லுங்கள். அந்தப் பூ எத்தனை மணிக்குத் தண்ணீரை விட்டு வெளியே வரும், எத்தனை மணி வரைக்கும் முகம் வாடாமல் இருக்க வேண்டும்? அடுத்து இடம். வெயிலா, நிழலா, குளிரூட்டிய அறையா, காற்றடிக்கும் திடலா? பிறகு தொலைவு. கைக்கெட்டும் தூரத்தில் பார்க்கப்போகும் பூவா, கடைசி நாற்காலியிலிருந்து பார்க்கப்போகும் பூவா? இந்த மூன்றும் தெரிந்துவிட்டால், உங்கள் தங்கை விரும்பும் தோற்றத்தை எந்தப் பூவில் கொண்டுவரலாம் என்று கடைக்காரரால் நேர்மையாகச் சொல்ல முடியும். இவை தெரியாமல் "செய்துவிடலாம்" என்பவர் படத்துக்குத்தான் பதில் சொல்கிறார், உங்கள் விழாவுக்கு இல்லை.

படத்தில் இருக்கும் பூ பெரும்பாலும் தண்ணீரிலிருந்து எடுத்த சில நிமிடங்களில் எடுத்த பூ. அது மாலை நான்கு மணிக்கு எப்படி இருந்தது என்று படம் சொல்லாது.

வெயிலில் தண்ணீர் இல்லாமல் நிற்கக்கூடியவை எவை என்று என் கை அனுபவத்தில் சொல்கிறேன். சாமந்தி, செண்டுமல்லி, கார்னேஷன் மூன்றையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம். ஆந்தூரியமும் டென்ட்ரோபியம் ஆர்க்கிடும் வெப்பத்துக்குப் பழகியவை. குளிர்தான் அவற்றுக்கு ஆகாது. லிசியாந்தஸ் பார்க்க மென்மையாக இருக்கும், ஆனால் நல்ல தாங்கும் சக்தி. ரோஜா இடைப்பட்டது. ஒரு ரகம் நாள் முழுக்க நிற்கும், இன்னொன்று மதியமே தலை சாயும். அதனால் ரோஜாவுக்கு ரகத்தின் பெயரைக் கேட்டு வாங்குவது நல்லது. ஹைட்ரேஞ்சியா, டேலியா, இனிப்புப் பட்டாணிப் பூ, கார்டீனியா ஆகியவை தண்ணீரை விட்டு வந்ததிலிருந்தே சரியத் தொடங்கும். கார்டீனியாவில் விரல் பட்ட இடம் பழுப்பாகிவிடும். டேலியாவை மொட்டாக வெட்டினால் அது பிறகு விரியவே விரியாது. விரிந்த பிறகுதான் வெட்ட வேண்டும், வெட்டியபின் ஆயுளும் குறைவு.

செலவைப் பற்றி ஒன்றே ஒன்று. பருவத்தில் விளையும் பூவைக் கேளுங்கள். பருவம் தப்பிய பூ தொலைவிலிருந்து வர வேண்டும். விலை ஏறுவது ஒருபக்கம் இருக்க, பயணத்திலேயே அதன் ஆயுளில் பாதி போயிருக்கும்.

ஒளிப்பெட்டி:

நான் திருமணப் படம் எடுப்பவன். அக்கா சொன்ன மூன்றோடு நான்காவதாக வெளிச்சத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடர் சிவப்பு ரோஜா பகலில் பட்டுப்போல் தெரியும். மங்கலான அரங்கத்தில் அதுவே கறுப்பாகிவிடும். வெளிச்சம் குறையும்போது நம் கண்ணுக்கு முதலில் இருண்டுபோவது சிவப்புதான், கேமராவும் அந்த இடத்தில் விவரத்தை இழந்துவிடும். மஞ்சள் விளக்கின் கீழே நீலமும் ஊதாவும் சாம்பல் படிந்ததுபோல் ஆகும். வெள்ளைப் பூ எந்த விளக்கு அடித்தாலும் அந்த நிறத்தையே வாங்கிக்கொள்ளும். மேடையில் ஊதா எல்இடி போட்டுவிட்டு "வெள்ளைப் பூ வெள்ளையாக வர வேண்டும்" என்று என்னிடம் கேட்பவர்கள் நிறைய.

விழா இரண்டு இடங்களில் நடக்கிறது என்கிறீர்கள். காலைக்கும் இரவுக்கும் ஒரே பூ என்றால் இளஞ்சிவப்பு, பீச், தந்த வெள்ளை, வெளிர் மஞ்சள் ஆகியவை இரண்டு ஒளியிலும் தாங்கும். முடிவு செய்யும் முன் நீங்கள் நினைக்கும் பூவில் ஒவ்வொரு காம்பு வாங்கி, விழா நடக்கும் அதே நேரத்தில், அதே விளக்கின் கீழ், மணப்பெண் உடுத்தப்போகும் துணியின் மேல் வைத்துப் பாருங்கள். சுத்த வெள்ளைத் துணிமேல் தந்த வெள்ளைப் பூ வைத்தால் பூ அழுக்காகத் தெரியும். கடையில் நின்று பார்த்தால் இது பிடிபடாது.

இளந்தளிர்:

அக்கா, அண்ணா, இருவருக்கும் நன்றி. ஹைட்ரேஞ்சியா இவ்வளவு மென்மையானதா? படங்களில் எங்கே பார்த்தாலும் அதுதானே இருக்கிறது. நீல ரோஜாவைப் பற்றி இன்னும் யாரும் சொல்லவில்லையே?

தோட்டக்கலை_மாணவி:

நீல ரோஜாவுக்கு நான் பதில் சொல்கிறேன். அறுவடைக்குப் பின் பூவைப் பராமரிப்பதுதான் என் படிப்பு.

ரோஜாச் செடியால் டெல்ஃபினிடின் என்ற நீல நிறமியை உண்டாக்க முடியாது, அதற்கு வேண்டிய மரபணு அதனிடம் இல்லை. அதனால் இயற்கையில் நீல ரோஜா கிடையாது. ஜப்பானின் சன்டோரி நிறுவனம் மரபணு மாற்றம் செய்து ஒரு ரோஜாவை உருவாக்கி 2009இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதுகூட வெளிர் ஊதாவாகத்தான் இருக்கும். கடையில் காணும் அடர் நீல ரோஜா சாயம் ஏற்றியது. ஒன்று, வெள்ளை ரோஜாவின் காம்பைச் சாயத் தண்ணீரில் வைத்து உறிஞ்ச விட்டிருப்பார்கள். அல்லது இதழ்மேல் தெளித்திருப்பார்கள். தெளித்தது ஈரம் பட்டால் கையிலும் துணியிலும் ஒட்டும். உறிஞ்சவிட்டதில் வெட்டிய காம்பின் முனையிலிருந்து சாயம் கசியும். மேடையின் பின்புறத்தில், யார் கையும் படாத உயரத்தில் வைப்பதென்றால் எனக்கு ஆட்சேபம் இல்லை. வெளிர்நிற உடை உரசும் இடத்தில் வேண்டாம். உண்மையான நீலம்தான் வேண்டுமென்றால் டெல்ஃபினியம் என்ற பூ இருக்கிறது.

ஹைட்ரேஞ்சியாவில் நாம் இதழ் என்று நினைப்பது புல்லி இதழ், அதாவது பூவின் வெளிப்புற உறை இதழ். பரப்பு அதிகம், அதனால் ஆவியாகும் நீரும் அதிகம். காம்பு உறிஞ்சும் நீர் அதற்கு ஈடுகொடுக்காதபோது தலை தொங்கிவிடும். நல்ல செய்தி என்னவென்றால், அந்தப் புல்லி இதழ் வழியாகவும் அது நீரை எடுத்துக்கொள்ளும். வாடிய கொத்தைத் தலைகீழாகத் தண்ணீரில் மூழ்கவைத்தால் பல நேரம் மீண்டு வரும். அதனால் தண்ணீர் நிற்கும் ஜாடியில் ஹைட்ரேஞ்சியா வைப்பது தவறே இல்லை. சட்டையில் குத்தவும் கூந்தலில் செருகவும்தான் அது உதவாது.

இன்னொன்றையும் கட்டாயம் சொல்ல வேண்டும்: எத்திலீன். பழுக்கும் பழங்களும் அழுகும் பூக்களும் வெளிவிடும் வாயு இது. வாகனப் புகையிலும் சிகரெட் புகையிலும் உண்டு. பூவுக்கு இது முதுமையைக் கொண்டுவரும். கார்னேஷன் இதழ்களை உள்ளே சுருட்டிக்கொண்டு தூங்குவதுபோல் ஆகிவிடும். டெல்ஃபினியம் இதழைக் கொட்டிவிடும். ஆர்க்கிடும், கொத்துக்கு இடையில் வைக்கும் பொடி வெள்ளைப் பூவான ஜிப்சோபிலாவும் கூடப் பாதிக்கப்படும். சாமந்தியும் ஜெர்பராவும் இதைப் பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை. நல்ல விவசாயிகள் கார்னேஷனுக்கு வெள்ளித் தயோசல்ஃபேட் கரைசல் கொடுத்தோ, எத்திலீனைத் தடுக்கும் 1-எம்சிபி வாயுவில் வைத்தோ அனுப்புவார்கள். உங்கள் பங்குக்குச் செய்யக்கூடியது எளிது. முதல் நாள் இரவு பூ வாளிகளைப் பழக்கூடைகள் இருக்கும் அறையில் வைக்காதீர்கள். வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியும் வேண்டாம். அதில் பழம் இருக்கும், காற்றும் வறண்டிருக்கும்.

மேடைக்கை:

நான் மேடை அலங்காரம் பண்றவன். இளந்தளிர், ஒண்ணு சொல்றேன், மேடைக்குப் பூவோட பெயர் முக்கியமே இல்லைங்க. அஞ்சாவது வரிசைக்கு அப்புறம் உட்கார்ந்திருக்கிறவங்களுக்குத் தெரியறது நிறமும் திரட்சியும்தான். இது ரோஜாவா கார்னேஷனான்னு ஒருத்தருக்கும் தெரியாது. பேக்டிராப்புக்கு நாங்க அடியில இலை போட்டு, அதுமேல சாமந்தி, கார்னேஷன் மாதிரி உருண்டையா இருக்கிற பூவை நெருக்கமா கொடுப்போம். ஜோடி உட்கார்ற இடத்துக்குப் பக்கத்துல, ஆள் உட்கார்ந்தா முகம் வர்ற உயரத்துல மட்டும் நல்ல ரோஜாவும் ஆர்க்கிடும். படத்துல வர்றது அந்த ஒரு இடம்தான். இருக்கிற காசை அங்க கொட்டுங்க. மிச்ச இடத்துக்கு இலையே அழகு.

இலைன்னா சும்மா இல்லை. தடிச்ச இலை, மெழுகு மாதிரி பளபளப்பு இருக்கிற இலை கேளுங்க, அது நாள் முழுக்க நிக்கும். மெல்லிய பெரணி வெயில்ல கருகிடும்.

ஜெர்பரா வச்சா கழுத்துல கம்பி கொடுத்திருக்காங்களான்னு பாருங்க. காம்பு உள்ள பொந்து, தலை கனம், சாயங்காலத்துக்குள்ள குனிஞ்சிடும்.

அப்புறம் பூ குத்தி வைக்கிற பச்சை ஸ்பாஞ்சு. அதைத் தண்ணியில அழுத்தி முக்கினா நடுவுல காத்து நின்னுடும். மேல நனைஞ்ச மாதிரி இருக்கும், உள்ள வறண்டு கிடக்கும், அந்த இடத்துல குத்தின பூ மட்டும் முதல்ல சாகும். தானா மூழ்க விடணும். உங்களுக்கு வேலை பண்றவங்க அழுத்தறாங்களா விடறாங்களான்னு பார்த்தாலே அவங்க எவ்வளவு கத்துக்கிட்டவங்கன்னு தெரிஞ்சிடும்.

தோட்டக்கலை_மாணவி:

மேடைக்கை அண்ணா, ஸ்பாஞ்சைப் பற்றி ஒரு சொல். அது ஃபீனாலும் ஃபார்மால்டிஹைடும் சேர்த்துச் செய்த பிளாஸ்டிக். மக்காது. பொடிந்தால் நுண்பிளாஸ்டிக்காகிக் கழிவு நீரோடு போகும். அந்தத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றுவதும் கூடாது. கோழிக்கூண்டுக் கம்பி வலையைச் சுருட்டித் தொட்டிக்குள் வைத்துப் பூவைச் செருகலாம். சிறிய மேசை அலங்காரத்துக்கு ஜப்பானியர்களின் ஊசிப் படுகை, கென்சான் என்பார்களே, அது போதும். இரண்டையும் கழுவித் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். காம்பு நேராகத் தண்ணீரில் நிற்பதால் பூவுக்கும் நல்லது.

மேடைக்கை:

மேசைக்கு ஒத்துக்கறேம்மா. தொட்டி வேலைக்கு இப்ப நாங்களும் வலைக்கு மாறிட்டோம். உயரத் தொங்கவிடற வேலைக்கும் வளைவுக்கும் இன்னும் தண்ணி நிக்கற வழி வேணும். சின்னச் சின்ன நீர்க்குழாய்ல காம்பைச் செருகிக் கட்டறோம், நேரம் கூடுதலா பிடிக்குது, ஆனா பூ நல்லா நிக்குது.

முல்லைக்கொடி:

நான் தொழில்காரி இல்லை, பூப் பித்து பிடித்தவள். இந்த இழையில் எல்லோரும் தாங்குமா, நிற்குமா என்றே பேசுகிறீர்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் தாங்கும் என்பதற்காக மட்டும் பூவைத் தேர்ந்தெடுத்தால், அந்தப் பெண் பல மாதங்களாக மனதில் வைத்திருந்த பியோனி எங்கே போவது? அவள் விரும்பிய பூ ஒன்றாவது அவள் கையில் இருக்க வேண்டாமா?

வாசனையையும் யாரும் பேசவில்லை. குளிரூட்டிய வண்டிகளிலும் கிடங்குகளிலுமாகத் தொலைதூரம் வரும் ரோஜாக்களில் பலவற்றுக்கு மணமே இருப்பதில்லை, ஆயுளுக்காக வளர்த்தெடுத்த ரகங்கள் அவை. மல்லிகையும் சம்பங்கியும் பறித்த பிறகும் மணத்தை உண்டாக்கிக்கொண்டே இருப்பவை. அதனால்தான் வாசனைத் திரவியம் செய்பவர்கள் பழைய காலத்தில் இவற்றைக் கொழுப்புத் தடவிய தட்டில் பரப்பி, மணத்தை மெல்ல மெல்ல இழுத்தார்கள். பிற்காலத்தில் திருமண நாளைச் சட்டென்று கண்முன் கொண்டுவருவது படத்தைவிட மணம்தான் என்று நான் நம்புகிறேன். மணமே இல்லாத பூக்களால் ஒரு அரங்கத்தை நிரப்புவதில் எனக்கு உடன்பாடில்லை.

வாளியும்கத்தரியும்:

முல்லைக்கொடி சொல்வது சரி. நான் பூவின் பெயரை முதலில் சொல்ல வேண்டாம் என்றேன். சொல்லவே வேண்டாம் என்று சொல்லவில்லை.

பியோனி வேண்டுமென்றால் முதலில் பருவத்தைப் பார்க்க வேண்டும். வட அரைக்கோளத்தில் அது வசந்தத்தின் பிற்பகுதியிலும் கோடைத் தொடக்கத்திலும் பூப்பது. தென் அரைக்கோளத்தில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை. அந்த மாதங்களுக்கு வெளியே கேட்டால் குளிர்கிடங்கில் இருந்தது வரும். மொட்டை இரு விரலால் மெல்ல அழுத்திப் பாருங்கள். கல்லாக இருந்தால் விரியாமலே போகலாம். மெத்தென்று அமுங்கினால் அதுதான் பக்குவம். அந்தப் பக்குவத்தில் வெட்டியதை உலர்வாகச் சுற்றிப் பூஜ்யத்தை ஒட்டிய குளிரில் வைத்தால் சில வாரங்கள்கூடத் தாங்கும். வெளியே எடுத்துக் காம்பை வெட்டித் தண்ணீரில் விட்டால் ஓரிரு நாளில் மலரும்.

ஆக, கைக்கொத்தில் மட்டும் பியோனி வையுங்கள். தேவைப்படும் நிமிடம் வரை கொத்து தண்ணீரில் இருக்கட்டும். படம் எடுத்து முடித்ததும் திரும்பத் தண்ணீருக்குப் போகட்டும். இதற்கென்று உறவுக்காரப் பெண் ஒருத்தியை நியமியுங்கள். எடுத்துக் கொடுக்கும்போது காம்பை நன்றாகத் துடைக்கச் சொல்லுங்கள், ஈரம் துணியில் கறை விடும். மேடையில் அதே தோற்றத்துக்கு, இதழ் அடுக்கு நிறைந்த தோட்ட ரோஜாவும் அடுக்கு லிசியாந்தஸும் போதும்.

கொத்து பெரிதாக இருக்க வேண்டும் என்ற எண்ணத்தையும் விடுங்கள். 2011இல் இளவரசர் வில்லியமை மணந்தபோது கேத்தரின் பிடித்திருந்தது சிறிய கொத்து. லில்லி ஆஃப் தி வேலி, ஸ்வீட் வில்லியம், ஹயசிந்த், ஐவி, மிர்ட்டில், அவ்வளவுதான். உலகமே பார்த்த திருமணம் அது. கனமான கொத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பெண்ணின் தோள் சிறிது நேரத்தில் மேலேறிவிடும், கை மார்புக்கு நேராகப் போய்விடும். உடையின் வேலைப்பாடு மறைந்துபோகும். தொப்புளுக்கு நேராகப் பிடித்தால் தோள் இறங்கி இயல்பாக நிற்கும்.

வாசனைக்கு என் யோசனை: நுழைவாயிலிலும் உட்காரும் இடத்தின் ஓரங்களிலும் மணக்கும் பூ. விருந்து மேசையில் மணம் குறைந்த பூ. சாப்பாட்டின் வாசனையோடு லில்லியின் நெடி கலந்தால் பலருக்குத் தலைவலி வரும். மாலையோ கூந்தல் சரமோ கட்டுவதானால் மல்லிகையை மொட்டாகக் கட்டுங்கள். அது மாலை வேளையில் மலரும் பூ. மொட்டாகக் கட்டினால் உடம்புச் சூட்டில் மெல்ல விரியும், மணமும் அப்போதுதான் கிளம்பும். மலர்ந்ததைக் கட்டினால் அணியும்போதே முடிவுக்கு வந்துவிட்டிருக்கும்.

வெள்ளுடுப்பு:

மருத்துவமனையில் செவிலியாக இருக்கிறேன். இரண்டு எச்சரிக்கைகள்.

லில்லியின் மகரந்தம் துணியில் பட்டால் போகாது. பூ விரியத் தொடங்கியதும் நடுவிலிருக்கும் மகரந்தப் பைகளைக் கிள்ளி எடுத்துவிடச் சொல்லுங்கள். அப்படியும் பட்டுவிட்டால் தண்ணீர் விட்டுத் தேய்க்காதீர்கள், கை வைத்துத் தட்டாதீர்கள். ஒட்டும் டேப்பை மெல்ல ஒற்றித் தூளை எடுங்கள். தும்மல், ஆஸ்துமா உள்ளவர்கள் குடும்பத்தில் இருந்தால் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மகரந்தம் இல்லாத அடுக்கு லில்லி ரகங்களும் வந்திருக்கின்றன. விழா முடிந்து மிஞ்சும் லில்லியைப் பூனை வளர்க்கும் வீட்டுக்குக் கொடுத்தனுப்ப வேண்டாம். இதழ், இலை, மகரந்தம், ஜாடித் தண்ணீர் எதுவானாலும் பூனையின் சிறுநீரகத்தை அழித்துவிடும்.

இரண்டாவது, உணவின் மேல் அலங்காரமாகப் பூ வைப்பது. இப்போது எங்கும் பார்க்கிறேன். லில்லி ஆஃப் தி வேலியும் அரளியும் இதயத்தைப் பாதிக்கும் நஞ்சு கொண்டவை. ஹைட்ரேஞ்சியாவும் உண்ணத் தகாதது. நஞ்சில்லாத ரோஜாவாக இருந்தாலும் அலங்காரத்துக்கென்று வளர்த்த பூவில் பூச்சிமருந்து தங்கியிருக்கும். உண்பதற்கென்றே வளர்த்த பூ கிடைத்தால் வையுங்கள், இல்லையென்றால் உணவுப் பக்கம் பூவே வேண்டாம். குழந்தைகள் எடுத்து வாயில் போடுவார்கள்.

வாடாமல்லி:

இவ்வளவு கவலை எதற்கு என்று தோன்றுகிறது. செயற்கைப் பூ வைத்துவிட்டால் வாடவும் வாடாது, மகரந்தமும் இல்லை, ஒவ்வாமையும் இல்லை. இப்போது தொட்டுப் பார்த்தால்தான் தெரியும் அளவுக்குச் செய்கிறார்கள். என் அண்ணன் மகள் திருமணத்தில் மேடை முழுக்க அதுதான், யாரும் குறை சொல்லவில்லை.

முல்லைக்கொடி:

குறை சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் யாராவது அருகில் போய் முகர்ந்து பார்த்தார்களா?

வாளியும்கத்தரியும்:

வாடாமல்லி சொல்வதைத் தள்ளிவிட முடியாது. உயரத்தில், விளக்குச் சூடு நேரடியாக அடிக்கும் இடத்தில், ஏணி போட்டுத் தண்ணீர் ஊற்ற முடியாத இடத்தில் நல்ல துணிப் பூவை நானே வைக்கிறேன். வாடகைக்கு எடுத்துத் திருப்பிக் கொடுப்பதென்றால் சரி. ஒரு நாளுக்கு வாங்கித் தூக்கி எறிவதென்றால் அதுவும் பிளாஸ்டிக் குப்பைதான். முகத்துக்கு அருகே வேண்டாம். நெருங்கி எடுக்கும் படத்தில் இலை விளிம்பின் நூலும் மடிப்பும் காட்டிக்கொடுத்துவிடும்.

உங்கள் பெயரிலேயே இன்னொரு விடையும் இருக்கிறது. வாடாமல்லி, ஸ்டாட்டிஸ், ஜிப்சோபிலா இவையெல்லாம் உலர்ந்தாலும் உருக்குலையாத பூக்கள். சட்டைப் பூவுக்கும் கூந்தல் அலங்காரத்துக்கும் இவற்றைவிட நம்பகமானது இல்லை. தண்ணீரே கேட்காது, நிறமும் நிற்கும். ஜிப்சோபிலாவை மட்டும் மூடிய அறையில் குவியல் குவியலாக வைக்காதீர்கள். திரளாகச் சேரும்போது அதற்கு ஒரு புளித்த வாடை உண்டு.

இளந்தளிர்:

தங்கையை உட்காரவைத்து முழு இழையையும் படித்துக் காட்டினேன். அவளே தெளிவாகச் சொன்னாள்: கையில் பியோனி இருந்தால் போதும், மற்றதை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று. நீல ரோஜா வேண்டாம் என்று அவளே விட்டுவிட்டாள். லில்லி நுழைவாயிலுக்குப் போகிறது, மகரந்தம் எடுத்து. மேடைக்கு வெளிர் பீச்சும் தந்த வெள்ளையும். நேற்று அரங்கத்தில் விளக்கைப் போட்டுப் பார்த்தோம், அண்ணா சொன்னதுபோலவே அவள் விரும்பிய அடர் சிவப்பு கறுப்பாகத்தான் தெரிந்தது.

கடைக்காரரிடம் எழுதி வாங்க வேண்டியவை என்னென்ன? எப்போது கொண்டுவரச் சொல்வது?

வாளியும்கத்தரியும்:

பூ கைக்கு வரும் நாள் பூவைப் பொறுத்தது. லில்லியை மொட்டாக வாங்கினால் விரிய மூன்று முதல் ஐந்து நாள் ஆகும். ரோஜா இரண்டு மூன்று நாள் முன்னால் வந்தால்தான் முழு முகம் காட்டும். ரோஜாவின் வெளிப்பக்கத்தில் பச்சை கலந்து கீறலோடு ஓரிரு இதழ் இருக்கும். அதைப் பார்த்துப் பழைய பூ என்று நினைக்காதீர்கள். உள்ளிதழைக் காக்கும் இதழ் அது, வேலை தொடங்கும்போதுதான் உரிக்க வேண்டும். கைக்கொத்து, சட்டைப் பூ, மாலை இவற்றை அன்று விடியற்காலையில் கட்டுவதே நல்லது.

வந்ததும் செய்ய வேண்டியது எல்லாப் பூவுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். வாளி சோப்புப் போட்டுக் கழுவியதாக இருக்க வேண்டும், ஏனென்றால் கிருமிதான் காம்பின் குழாயை அடைப்பது. ரோஜாவின் கழுத்து மடிவதற்கு அதுவும் காம்புக்குள் புகுந்த காற்றும்தான் காரணம். தண்ணீர் மட்டத்துக்குக் கீழே ஒரு இலைகூட இருக்கக் கூடாது. கூரான கத்தியால் சாய்வாக வெட்டி உடனே தண்ணீரில் விட வேண்டும். பூ உணவுப் பொடியைப் பாக்கெட்டில் சொன்ன அளவுக்கே கரைக்க வேண்டும்; சர்க்கரையும் அமிலமும் கிருமிநாசினியும் சேர்ந்தது அது, குறைத்துப் போட்டால் சர்க்கரை கிருமிக்கே உணவாகிவிடும். டாஃபடில் வாங்கினால் தனி வாளி, அதன் சாறு மற்ற பூக்களைக் கெடுக்கும். ரோஜாவையும் கார்னேஷனையும் குளிர் அறையில் வைக்கலாம். ஆந்தூரியம், ஆர்க்கிட் போன்ற வெப்பநிலப் பூக்களைப் பத்து டிகிரிக்குக் கீழே கொண்டுபோனால் கறுத்துவிடும். மூடிய பெட்டியில் வைக்கும் பூவின் இதழில் தண்ணீர் தெளிக்காதீர்கள், சாம்பல் பூசணம் பிடிக்கும்.

எழுத்தில் முதலாவது, மாற்றுப் பூ விதி. கேட்ட பூ அன்று கிடைக்காவிட்டால் அதே நிறத்தில், அதே அளவில் எதை வைப்பார், யாரிடம் கேட்டு வைப்பார் என்று பெயர் சொல்லி எழுத வேண்டும். அடுத்து, எத்தனை காம்பு என்ற கணக்கு. "நிறைய" என்ற சொல்லை இருவரும் வெவ்வேறாகப் புரிந்துகொள்வீர்கள். பிறகு வேலை முடிக்கும் நேரம், காலை இடத்திலிருந்து இரவு அரங்கத்துக்கு எதையெல்லாம் மாற்றுவது, யார் மாற்றுவது, ஜாடியும் சட்டமும் வாடகையா சொந்தமா, விழா முடிந்து யார் பிரிப்பது. திறந்தவெளி என்பதால், பூ வண்டி வந்து காத்திருக்கும்போது நிழலில் நிற்க இடம் வேண்டும். எஞ்சினை ஓடவிட்டுப் பூப்பெட்டிகளைப் பக்கத்தில் அடுக்க வேண்டாம், புகையில் எத்திலீன் இருக்கிறது என்று மேலே சொன்னார்களே.

மேடைக்கை:

மேசை அலங்காரத்துக்கு உயரம் எழுதி வாங்குங்க. எதிர்ல உட்கார்ந்தவங்க முகம் தெரியணும். ஒண்ணு உட்கார்ந்தா கண்ணுக்குக் கீழ நிக்கணும், இல்லை மெல்லிய தண்டு வச்சுத் தலைக்கு மேல போயிடணும். நடுவுல நின்னா விருந்தாளியே எடுத்துக் கீழ வச்சிடுவாங்க.

ஒளிப்பெட்டி:

கைக்கொத்தையும் சட்டைப் பூவையும் முதல் வேலையாக என்னிடம் தனியாகக் கொடுத்துவிடச் சொல்லுங்கள். கட்டி முடித்த அரைமணிக்குள், ஜன்னல் வெளிச்சத்தில் நெருங்கி எடுத்துவிடுவேன். அதன் பிறகு எத்தனை பேர் கட்டியணைத்தாலும் பரவாயில்லை.

வாளியும்கத்தரியும்:

அணைக்கும்போதுதான் சட்டைப் பூ நசுங்கும், அதனால் கூடுதலாக இரண்டு கட்டி ஈரத்துணியில் சுற்றிப் பெட்டியில் வையுங்கள். ஊசியும் சில கூடுதலாக இருக்கட்டும். வண்டியில் ஏறும்போது இருக்கைப் பட்டை மாட்டுவதற்கு முன் பூவைக் கழற்றி வைக்கச் சொல்லுங்கள்.

இளந்தளிர்:

எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டேன். நாளை இரண்டு கடைகளுக்குப் போகிறேன். இந்த முறை நேரத்தையும் இடத்தையும் சொல்லிவிட்டு, "எது சரிவராது?" என்றுதான் முதலில் கேட்கப் போகிறேன். அவர்கள் சொல்வதை இங்கே வந்து எழுதுகிறேன், நீங்களும் பார்த்துச் சொல்லுங்கள்.